தைமஸ் திசுவும் தமிழ்ப் பெற்றோரின் ஒப்புதலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டதை ஒட்டி, நம் உடலை நம் நோயெதிர்ப்பு மண்டலமே தாக்கிவிடாமல் காக்கும் டி செல்களை (வெள்ளை இரத்த அணுக்களில் ஒரு வகை) பற்றி நிறைய எழுதப்பட்டது. அந்தச் செல்கள் உருவாகும் தைமஸ் சுரப்பியைப் பற்றியும், அதன் சட்டகமாக அமைந்து டி செல்களைப் பயிற்றும் எபிதீலியச் செல்களைப் பற்றியும் அதில் பாதிகூட எழுதப்படவில்லை. அந்த எபிதீலியச் செல்களைப் பற்றிய ஆய்வுக்குக் குழந்தைகளின் தைமஸ் திசு தேவைப்படுவதால், அது தமிழக–கேரள எல்லைப்புறத்தில் வாழும் எங்களையும் தொடுகிறது; எனவே இதை எழுதுகிறேன்.

மார்பெலும்புக்குப் பின்னே, இதயத்துக்குச் சற்று மேலே அமைந்த இச்சுரப்பியின் பணி இன்னதென்று 1961இல் ஜாக் மில்லர் எலிக்குட்டிகளைக் கொண்டு நிறுவினார். எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்து சேரும் இளம் செல்களை அதன் புறப்பகுதியிலுள்ள எபிதீலியச் செல்கள் முதலில் சோதித்துத் தேர்கின்றன. உட்பகுதியிலுள்ளவையோ, ஏ.ஐ.ஆர்.இ. என்ற மரபணுவின் துணையால், இன்சுலின் போன்று வேறு உறுப்புகளுக்கே உரிய புரதங்களையும் தாமே உண்டாக்கிக் காட்டுகின்றன. அவற்றைக் கண்டு சீறும் டி செல்களில் பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. அம்மரபணு பழுதானவர்களுக்குச் சிறு வயதிலேயே பல சுரப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கப்படுகின்றன.

தைமஸின் மொத்தச் செல்களில் இந்த எபிதீலியச் செல்கள் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே. பிரித்தெடுத்துச் சாதாரண வளர்ப்புத் தட்டில் இட்டால் விரைவிலேயே தம் இயல்பை இழந்துவிடுகின்றன. பருவ வயதுக்குப் பின் சுரப்பியே சுருங்கிக் கொழுப்பாக மாறிவருவதால், ஆய்வுக்குக் குழந்தைகளின் புதிய திசுவே சிறந்தது. பச்சிளம் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சையில், இதயத்தை அணுக வழி வேண்டி, தைமஸின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அகற்ற நேர்கிறது. அத்திசு பெரும்பாலும் கழிவாகவே போகிறது. இவ்வாறு அகற்றிய திசுவைப் பதப்படுத்தி, தைமஸ் இன்றிப் பிறந்த குழந்தைகளின் தொடைத் தசையில் பதிக்கும் சிகிச்சைக்கு அமெரிக்கா 2021இல் அனுமதி அளித்தது என்பதை எண்ணினால், அதன் அருமை விளங்கும்.

களியக்காவிளை, மார்த்தாண்டம் பகுதிகளிலிருந்து பிறவி இதயக் கோளாறுள்ள குழந்தைகளைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு செல்வது எங்களுக்குப் புதிதன்று. இவர்களில் பலர் மலையாளத்தைச் சரளமாகப் பேசினாலும் வாசிக்க அறியாதவர்கள். எனவே, எல்லையோர மருத்துவமனைகள் எதுவாயினும், எஞ்சும் திசுவை ஆய்வுக்குத் தருவதற்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழிலும் வைத்திருக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கான படிவத்தோடு சேர்த்துக் கையெழுத்து வாங்காமல், தனியாக, ஓரிரு நாள் முன்னதாகவே கேட்க வேண்டும். மறுத்தாலும் சிகிச்சையில் குறை வராது என்பதை வாய்மொழியாகவும் சொல்ல வேண்டும்.

இதில் ஓர் எல்லையும் தேவை. தைமஸை முழுதாக இழந்த குழந்தைகளுக்கு டி செல்கள் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருப்பதால், ஆய்வாளரின் தேவைக்காக ஒரு துணுக்குகூடக் கூடுதலாக வெட்டப்படக் கூடாது. எவ்வளவு அகற்றுவது என்பதை அறுவை மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். ஆய்வுக் குழுவில் அவர் இடம்பெறாதிருப்பது நல்லது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி இயங்கி, மனிதர்கள் மீதான ஆய்வுகளைப் பரிசீலிக்கும் மருத்துவமனை நெறிமுறைக் குழுக்கள், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரையேனும் அழைத்துப் படிவத்தைச் சரிபார்க்க முன்வருமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.