ஆட்கொல்லி அல்ல, புளியமரத்துக் குடித்தனக்காரன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமேஸ்வரத்தில் ஒரு வீட்டுச் சுவரில் ஏறிய பெரிய சிலந்தியை அடித்துக் கொன்ற செய்தியை ‘ஆட்கொல்லிச் சிலந்தி’ என்று தலைப்பிட்டு வெளியிட்டிருந்தீர்கள். படத்தைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. முதுகில் சாம்பலும் வெள்ளையும் கலந்த கோலம், முன்கால்களின் அடியில் பளிச்சென்ற மஞ்சள், நடுவே கறுப்புப் பட்டை. அது பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா என்ற டரண்டுலா, அதாவது உடம்பெல்லாம் ரோமமுள்ள பெரிய சிலந்தி வகை. ராமேஸ்வரத்து அனுமன் கோயில் வளாகத்தில் கிடைத்ததை வைத்து 2004-ல் ஆண்ட்ரூ ஸ்மித் விவரித்த இனம். இந்தத் தீவையும் பக்கத்துக் கரையையும் விட்டால், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் மன்னாரில் இருப்பது பிற்பாடு தெரியவந்தது. அவ்வளவுதான் அதன் உலகம். அழிந்துபோகும் மிக ஆபத்தான நிலையில் உள்ள உயிரினம் என்று ஐ.யூ.சி.என். எனும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2008-லேயே பட்டியலிட்டுவிட்டது.

கடித்தால் வலிக்கும், அதை மறைக்கவில்லை. தசைப்பிடிப்பு சில நாள் படுத்தும், டாக்டரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் இது சேர்ந்த பொசிலோதீரியா பேரினத்துச் சிலந்தி எதுவும் கடித்து யாரும் செத்ததாகப் பதிவே இல்லை. அப்புறம் எப்படி ஆட்கொல்லி?

பகலெல்லாம் பழைய புளியமரப் பொந்தில் பதுங்கிக் கிடக்கும் பிராணி இது. வலை விரித்துப் பூச்சி பிடிக்காது. இருட்டியதும் பொந்து வாயில் வந்து உட்கார்ந்து, கிட்டே வரும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். டார்ச் அடித்தால் கால் நுனி மட்டும் ஒரு கணம் தெரியும், அடுத்த கணம் உள்ளே போயிருக்கும். தப்பிக்க வழியில்லாதபோதுதான் முன்கால்களைத் தூக்கி அந்த மஞ்சளைக் காட்டி மிரட்டும். ஆண் சிலந்தி வயதுக்கு வந்ததும் பெண்ணைத் தேடி அலையும். சுவரில் ஏறியதும் அப்படி ஒன்றாக இருக்கலாம். பொந்துள்ள கிழட்டு மரங்களைப் பிளாட் போடவும் லாட்ஜ் கட்டவும் வெட்டிக்கொண்டே போனால் அது வேறெங்கே அலையும்?

இந்தப் பேரினத்தை வெளிநாட்டில் காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறார்கள். அந்த வியாபாரத்தைக் கட்டுப்படுத்த 2019-ல் சைட்டிஸ் எனும் பன்னாட்டு வனவுயிர் வர்த்தக ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்த்தார்கள். நம் ஊரில் துடைப்பக்கட்டை!

அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால், ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி மூடிவிட்டு வனத்துறைக்குச் சொல்லலாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். கையால் மட்டும் தொட வேண்டாம். உள்ளூர் வனச்சரக அலுவலகத்தின் போன் நம்பரையும் கீழே கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாம்பன்