பெத்லகேம் விண்மீனும் ஏரோதின் கிரகணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டு வீடுகளில் காகித நட்சத்திரங்கள் ஏறிவிட்டன. இயேசு பிறந்தபோது ஞானிகளுக்கு வழிகாட்டியதாக விவிலியம் கூறும் பெத்லகேம் விண்மீனின் மர்மம் தீர்ந்துவிட்டதாகச் சொல்லும் வாட்ஸ்அப் செய்திகளும் உடன் வருகின்றன. நம்பிக்கையுள்ள கிறிஸ்தவன் என்பதாலேயே இந்த அவசரம் எனக்கு வருத்தமளிக்கிறது.

யூதேயாவை ஆண்ட ஏரோது மன்னன் காலத்தில் இயேசு பிறந்ததாக நற்செய்தியாளர் மத்தேயு கூறுகிறார். எருசலேம் ஆலய வாயிலின் பொற்கழுகை வெட்டி வீழ்த்தத் தூண்டிய போதகரை ஏரோது உயிரோடு எரித்த இரவில் சந்திர கிரகணம் நிகழ்ந்ததென்றும், மன்னன் இறந்தபின் யூதர்களின் பஸ்கா பண்டிகை வந்ததென்றும் வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதியுள்ளார். அது கி.மு. 4 மார்ச் 13 நள்ளிரவுக்குப் பிந்தைய பகுதிக் கிரகணமே என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு, கி.மு. 1 சனவரியின் முழுக் கிரகணத்தைச் சுட்டுவோரும் உளர். முதல் கருத்தே வலுவானது என்பது என் எண்ணம். அப்படியெனில் இயேசுவின் பிறப்பு கி.மு. 4க்குப் பிந்தியதாக இருக்க முடியாது.

அவ்விண்மீன் எனச் சிலர் சொல்லும், வானியலாளர் கெப்ளர் கணக்கிட்ட கி.மு. 7 வியாழன்–சனி சந்திப்பு (இரு கோள்களும் வானில் அருகருகே தோன்றுவது) மீன ராசியில் மும்முறை நிகழ்ந்தது உண்மையே. ஆயினும் அவை ஏறக்குறைய ஒரு பாகை, அதாவது இரு முழுநிலவு அகலம், விலகியே நின்றன. ஒரே விண்மீனாகத் தோன்றியிருக்க வழியில்லை. 2020 டிசம்பர் 21 அன்று அதே கோள்கள் அதைவிடப் பன்மடங்கு நெருங்கின.

இயேசு பிறந்தபோது நடந்ததாக நற்செய்தியாளர் லூக்கா குறிப்பிடும், ரோம ஆளுநர் குரேனியுவின் குடிமதிப்போ (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு), ஜோசபஸ் கணக்கில் கி.பி. 6இல் வருகிறது, இம்முடிச்சை வானியலால் அவிழ்க்க இயலாது.

இவ்விவரங்களைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், ஏற்காடு, சேலம் மாவட்டம்