கிளி கணிக்கவில்லை, சீட்டெடுத்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வருங்காலம் சொல்லும் எவரையும் 'ஜோதிடர்' என்றும், அவர் எதைச் சொன்னாலும் 'கணித்தார்' அல்லது 'ஆரூடம் கூறினார்' என்றும் எழுதும் பழக்கம் தமிழ்ச் செய்திகளில் பரவிவிட்டது. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு வேலைமுறையின் பெயர். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் நடை மட்டுமல்ல, தகவலே பிழையாகிறது.

2010 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் மணி என்ற கிளி, காலிறுதி ஆட்டங்கள் நான்கிலும் வென்ற அணிகளைச் சரியாக எடுத்துக் கொடுத்து உலகச் செய்தியானது. இறுதியாட்டத்துக்கு அது எடுத்தது நெதர்லாந்து, வென்றது ஸ்பெயின். இதைக் 'கிளி கணித்தது' என்பது பொருந்தாது. கணித்தல் என்றால் கணக்குப் போட்டு முடிவுக்கு வருதல். கணியன், கணிதம், இன்றைய கணினி எல்லாம் அந்த வழியில் வந்தவை. கிளி செய்வது, கூண்டைவிட்டு வெளியே வந்து அடுக்கியிருக்கும் அட்டைகளில் ஒன்றை அலகால் இழுத்துப் போடுவது. அதற்குச் 'சீட்டெடுத்தல்' என்ற சொல் இருக்கிறது. அந்தச் சீட்டைப் பார்த்துப் பலன் சொல்பவர் கிளி ஜோசியர்.

ஜோதிடரோ கணக்குக்காரர். பிறந்த தேதி, நேரம், இடம் மூன்றும் இல்லாமல் அவரால் ஜாதகம் கணிக்க முடியாது. லக்னம், அதாவது பிறந்த வேளையில் கீழ்வானில் உதிக்கும் ராசி, ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒரு ராசியாக நகர்வதால் நேரப் பிழை உடனே தெரியும். சிங்கப்பூரில் பிறந்தவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் கடிகாரம் 1982 ஜனவரி 1ஆம் தேதி அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளப்பட்டது. அதற்கு முன் கிரீன்விச் நேரத்தைவிட ஏழரை மணி நேரம் முந்தியிருந்தோம், இப்போது எட்டு. 1975ல் பிறந்தவருக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக் கணித்தால் லக்னம் ஒரு ராசியில் கால் பங்கு விலகும். சிலருக்கு லக்ன ராசியே மாறும். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பிறந்தவர்களுக்கு டோக்கியோ நேரத்தையே கொள்ள வேண்டும். இப்படிச் சரிபார்த்துத் திருத்தக்கூடியதைத்தான் கணிப்பு என்கிறோம். குறியை அப்படித் திருத்த முடியாது. அது பலிக்கும் அல்லது பலிக்காது. அதனால் 'கணிப்பு தவறியது' என்றும் 'குறி பலிக்கவில்லை' என்றும் எழுதுவதே தமிழ் வழக்கு.

'ஆரூடம்' பிரசன்னம் பார்ப்பவர்களின் கலைச்சொல். பிறந்த நேரத்தை விட்டு, கேள்வி கேட்கும் வேளையில் அமையும் ராசியைக் கொண்டு பலன் சொல்வது அது. கருத்துக்கணிப்பு நடத்திய நிறுவனம் 'ஆரூடம் கூறியது' என்பது அந்த நிறுவனத்துக்கும் அநியாயம், சொல்லுக்கும் அநியாயம். பொருளியல் வளர்ச்சிக்கும் மழைக்கும் நாம் இங்கே வழங்கும் 'முன்னுரைப்பு' அருமையான சொல். இத்தகைய செய்திகள் எல்லாவற்றிலும் அதையே ஆளலாம்.

குறி என்பது கேட்டால் கிடைப்பது. அதனால்தான் 'குறி கேட்கப் போனார்கள்' என்கிறோம். உடுக்கையடித்துச் சொல்பவர் கோடாங்கி. சாமி வந்து ஆடிச் சொல்பவர் சாமியாடி. அவர் சொல்வது அருள்வாக்கு, சொந்தக் கருத்தாக அதை எழுதக்கூடாது. யாரும் கேட்காமலே விடியுமுன் வீடு வீடாக 'நல்ல காலம் பொறக்குது' என்று வருபவர் குடுகுடுப்பைக்காரர்.

சங்க காலத்திலேயே இந்தப் பாகுபாடு துல்லியமாக இருந்தது. கட்டுவிச்சி முறத்தில் நெல்லை இட்டு நான்கு நான்காக எண்ணுவாள். எஞ்சியது ஒன்று, இரண்டு, மூன்று என்றால் பெண்ணின் வாட்டம் முருகனால் வந்தது. நான்கு என்றால் வேறு நோய். விரிச்சி கேட்பதற்கு, அதாவது தற்செயலாகக் காதில் விழும் சொல்லை நிமித்தமாகக் கொள்வதற்கு, குறி சொல்லும் ஆளே வேண்டாம். முல்லைப்பாட்டில் முதிய பெண்டிர் ஊர்ப்புறத்தில் நெல்லும் முல்லைப்பூவும் தூவிக் கைதொழுது நிற்கிறார்கள். பசியால் வாடும் கன்றிடம் ஆயர்மகள் 'உன் தாய் இப்போதே வந்துவிடும்' என்று சொல்வது காதில் விழ, அதையே நற்சொல்லாகக் கொள்கிறார்கள். அவளுக்கோ தான் எதையும் முன்கூட்டிச் சொன்னதாகவே தெரியாது! 'குறத்தி' மட்டும் ஒரு சமூகத்தின் பெயருமாகும். கைரேகை பார்க்கும் பெண்கள் எல்லாரையும் அப்படி எழுதுவது தவறு.

பழைய தமிழ் விவிலியத்தில், உபாகமம் 18:10ல், குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன் என நான்கு தனித்தனிப் பெயர்கள் வருகின்றன. அதே நூல் 'தீர்க்கதரிசி'யை இவர்களோடு சேர்க்கவில்லை. அவர் இறைவனின் செய்தியைச் சொல்பவர். கத்தோலிக்கர் வழங்கும் 'இறைவாக்கினர்' அதை இன்னும் தெளிவாக்குகிறது. பங்குச் சந்தை நிபுணரைத் தீர்க்கதரிசி என்று தலைப்பிடுவதைத் தவிர்க்கலாம்.

பெரிய கெடுதல் நேர்வது நீதிமன்றச் செய்திகளில். செய்வினை எடுப்பதாகவோ கழிப்புக் கழிப்பதாகவோ பணம் பறித்தவரை 'ஜோதிடர்' என்று எழுதினால், ஜாதகம் மட்டும் பார்த்துப் பிழைப்பவர்களின் பெயரும் சேர்ந்து கெடுகிறது. அவர் தம்மை மந்திரவாதி என்று சொல்லிக்கொண்டிருந்தால் 'மந்திரவாதி எனக் கூறிக்கொண்டவர்' என்றே எழுதலாம். ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குபவர் முதலில் பார்க்க வேண்டியது, செய்தியில் வருபவரின் கையில் இருந்தது பஞ்சாங்கமா, சீட்டா, உடுக்கையா என்பது. அது தெரியாவிட்டால் 'பலன் சொல்பவர்' என்று பொதுவாக எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்