தரம் ஒன்றின் வகுப்பறைக்கும் வாருங்கள்: மட்டக்களப்பு மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாவட்டத்தின் ஐந்து வலயங்களிலும் பணியாற்றும் வலயக் கல்விப் பணிப்பாளர்கள், கோட்டக் கல்விப் பணிப்பாளர்கள், ஆரம்பக் கல்விக்கான ஆசிரிய ஆலோசகர்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், அதிகஷ்டப் பிரதேசம் என்று வகைப்படுத்தப்பட்ட ஒரு சிறிய பாடசாலையில், தரம் ஒன்றும் தரம் இரண்டும் ஒரே அறையில் இருக்கும் வகுப்புக்கு ஆசிரியையாக நியமனம் பெற்று ஓராண்டை நிறைவு செய்திருக்கிறேன். கல்வியியற் கல்லூரியில் இரண்டாண்டுப் படிப்பையும் பாடசாலையில் கற்பித்துப் பழகும் ஓராண்டுக் கட்டுறுபயில்வையும் முடித்து வந்தவள் என்பதால், பாடக்குறிப்பு எழுதவும் செயற்பாடுகளைத் திட்டமிடவும் பழகியிருந்தேன். சம்பளத்தைப் பற்றியோ இடமாற்றத்தைப் பற்றியோ முறையிட இம்மடலை எழுதவில்லை. அவற்றைப் பேசச் சங்கங்கள் இருக்கின்றன. ஏழு வயதுப் பிள்ளைக்கு உண்மையிலேயே வாசிக்கத் தெரிகிறதா என்ற கேள்வியைக் கேட்காமலே நமது மேற்பார்வை முடிந்துவிடுகிறது என்பதைத்தான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

ஆண்டின் தொடக்கத்தில், தரம் இரண்டுக்கு வந்திருந்த ஒரு மாணவனை வாசிக்கச் சொன்னேன். பாடப்புத்தகத்தை விரித்து, சொல்லுக்குச் சொல் விரலை நகர்த்தி, ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி வாசித்தான். படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, வரியின் நடுவிலிருந்த ஒரு சொல்லைத் தனியே சுட்டியபோது, அவன் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய், வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்து, விரல் அந்த இடத்தை எட்டியதும் சொல்லைச் சொன்னான். கெட்டிக்காரப் பிள்ளை, எழுத்துப் பிடிபடாத குறையை ஓராண்டு முழுவதும் ஞாபகசக்தியாலேயே சமாளித்திருக்கிறான். கொப்பியில் அவனுடைய எழுத்துகள் முத்துமுத்தாக இருந்தன. கரும்பலகையைப் பார்த்து எழுதியவை. அந்தக் கொப்பியை மட்டும் பார்க்கும் எவருக்கும் அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்ற சந்தேகமே எழுந்திராது.

247 எழுத்துகள் என்ற எண்ணிக்கை வெளியிலிருந்து பார்ப்பவர்களை மலைக்க வைக்கலாம். பிள்ளைகளை அது அவ்வளவாக வருத்துவதில்லை. ஆகார, இகர வரிசைகளை அவர்கள் விரைவிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். கொம்பு வரும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. இடமிருந்து வலமாக வாசிக்கக் கற்பித்துவிட்டு, ‘கெ’ என்ற எழுத்தில் முன்னால் நிற்கும் குறியைப் பின்னால் ஒலிக்கச் சொல்கிறோம். ‘கொ’ என்றால் இருபுறமும் நிற்கும் குறிகளைச் சேர்த்து ஓர் ஒலியாக்கச் சொல்கிறோம். உகர வரிசைக்கு வந்தால் கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. ‘கொக்கு’ என்ற சின்னஞ்சிறு சொல்லிலேயே இந்த இரண்டு சங்கடங்களும் இருக்கின்றன. வயலில் நாள்தோறும் கொக்கைப் பார்க்கும் பிள்ளை, பக்கத்தில் படம் இருந்தால் அச்சொல்லை உடனே சொல்லிவிடும். படம் இல்லையென்றால் முழிக்கும். மணலில் எழுதுவதும், அட்டைகளைப் பொருத்துவதும், பாடி ஆடுவதும் நிச்சயமாகப் பயன் தருகின்றன. தரம் ஒன்றும் இரண்டும் அடங்கிய முதன்மைநிலை ஒன்றில் விளையாட்டுக்கு முதலிடம் கொடுத்த பாடத்திட்டத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. எனினும் எந்த எழுத்தில் எந்தப் பிள்ளை இடறுகிறது என்பதை அறிய, அப்பிள்ளையின் அருகில் அமர்ந்து அது வாசிப்பதைக் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதற்கு நேரம் வேண்டும்.

அந்த நேரம்தான் எங்களிடம் இல்லை. பாடசாலை ஆண்டு வழமையாகத் தை மாதத்தில் தொடங்குகிறது. படுவான்கரையில் அது வெள்ளம் வடியும் காலம். அதைத் தொடர்ந்து பெரும்போக அறுவடை வருகிறது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத குடும்பங்கள் சின்னப் பிள்ளைகளையும் வயல்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போகின்றன. யானைகள் இறங்கும் நாட்களில் பிள்ளைகளைக் காலையில் பிந்தித்தான் அனுப்புகிறார்கள். அதற்காகப் பெற்றோரை யார் கண்டிக்க முடியும்? ஆக, தரம் ஒன்றுக்கு வந்த பிள்ளை முதல் எழுத்துகளைக் கற்க வேண்டிய தவணையின் பெரும்பகுதி கரைந்துபோகிறது. வரவுப் பதிவேட்டில் அது பிள்ளையின் ஒழுங்கீனமாகவும், பாடத்திட்ட அட்டவணையில் ஆசிரியையின் தாமதமாகவும் பதிவாகிறது.

எஞ்சிய நேரத்தைத் தரம் ஐந்து எடுத்துக்கொள்கிறது. அத்தரத்துப் பிள்ளைகள் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சை 1940களில், அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்விச் சீர்திருத்தங்களோடு, வசதியற்ற கிராமப் பிள்ளை மத்திய கல்லூரியில் கற்க வழிசெய்வதற்காக வந்தது. அந்த நோக்கத்தை மதிக்கிறேன். இன்றோ அது பாடசாலையை அளக்கும் கோலாகிவிட்டது. 200 புள்ளிகளில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர் எத்தனை பேர், 70 புள்ளிக்கு மேல் பெற்றவர் எத்தனை பேர் என்றே அதிபர்களிடம் கேட்கப்படுகிறது. பரீட்சை நெருங்கும் மாதங்களில், கையிலிருக்கும் ஆசிரியர்களை அதிபர் அந்தப் பக்கம் திருப்பாமல் என்ன செய்வார்? என் பிள்ளைகளுக்கு நிறந்தீட்டும் வேலையைக் கொடுத்துவிட்டு நானும் தரம் ஐந்துக்குப் போனேன். அங்கே இடர்ப்பட்ட பிள்ளைகளில் சிலருக்குக் கணக்கு நன்றாகவே வந்தது; வினாவைத்தான் அவர்களால் வாசிக்க முடியவில்லை. தரம் இரண்டில் கேட்டிருக்க வேண்டியதை அங்கே கேட்டுக்கொண்டிருந்தோம்.

என் வகுப்புக்கு மேற்பார்வைக்கு வந்தவர்கள் பண்பாகவே நடந்துகொண்டார்கள். வேலைத்திட்டம், பாடக்குறிப்பு, கணிப்பீட்டுப் பதிவேடு, சுவரிலிருந்த ஆக்கங்கள் ஆகியவற்றைப் பார்த்துக் கையொப்பமிட்டார்கள். ஒரு பிள்ளையைக் கூட வாசிக்கச் சொல்லவில்லை. தாய் குவைத்தில் வேலை செய்வதால் பேரனை வளர்த்துவரும் ஓர் அம்மம்மாதான் ஒருநாள் என்னிடம், “டீச்சர், இவன் வாசிக்கிறது சரியா பிழையாண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது. “படத்தக் கையால மறைச்சிப்போட்டு வாசிக்கச் சொல்லுங்க, அம்மம்மா. முகட்டப் பார்த்தான் எண்டா மனப்பாடம்” என்றேன். பள்ளிக்கூடம் போகாத ஒருவராலும் செய்யக்கூடிய கணிப்பீடு இது. எந்தப் படிவமும் தேவையில்லை.

ஆகவே, அடுத்த முறை மேற்பார்வைக்கு வரும்போது, பதிவேடுகளைப் பார்ப்பதற்கு முன்னர் தரம் இரண்டில் ஐந்து பிள்ளைகளை அழைத்து, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு வரியை வாசிக்கச் சொல்லி, கண்டதைப் பாடசாலைச் சம்பவத் திரட்டில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதிபர்கள் எதைக் கேட்டால் எதைக் கவனிப்பார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தரம் ஒன்று, இரண்டு ஆசிரியர்களைத் தாய்மொழிப் பாடவேளையில் வேறு வகுப்புக்கு அனுப்பக்கூடாது என்று ஒரு சுற்றுநிருபம் வந்தால், அதிபர்களுக்கும் அது பாதுகாப்பாக இருக்கும். வெள்ளத்தாலும் அறுவடையாலும் முதலாம் தவணையை இழக்கும் பாடசாலைகள், சித்திரைப் புத்தாண்டுக்குப் பின் தொடக்க எழுத்துகளை மீண்டும் முதலிலிருந்து கற்பிக்க எழுத்துமூல அனுமதி தாருங்கள். அதைப் பின்னடைவு என்று குறிக்காதீர்கள். இவ்வாண்டு என்னிடம் தரம் ஒன்றில் படித்த பிள்ளைகள் தரம் மூன்றை முடிக்கும் வரை அவர்களோடு செல்ல நான் விரும்புகிறேன். எங்கள் அதிபரிடம் இதற்கான விண்ணப்பத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.

இங்ஙனம்,
ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.