காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். முதல் பருவம் நல்லபடியாக முடிகிறது. விளையாட்டுப் போட்டிகளில் பரிசுகள் வந்தன, அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் வாழ்த்துகள்.

8-ஆம் வகுப்பில் ஆர்.கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' நாவல் படித்துவருகிறார்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 1935-இல் வந்த நாவல்தான், ஆனாலும் பள்ளிக்கூடம், கிரிக்கெட், வீட்டில் பாட்டி என்று எல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த உலகம். தெரியாத சொல்லையும் கதையை வைத்தே ஊகிக்கலாம் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தோம். வாரத்துக்கு 5 புதுச் சொற்கள். முதலில் பிள்ளையே ஊகித்து எழுத வேண்டும், அப்புறம்தான் அகராதி.

போன வாரம் அந்த நோட்டுகளைப் பார்த்தேன். பாதிக்கு மேல் பெரியவர்கள் கையெழுத்து. சிலவற்றில் 5-க்குப் பதில் 40 சொற்கள், செல்போனைப் பார்த்து வரிசையாக எழுதியவை. நூலகப் புத்தகங்களிலும் வரிக்கு வரி பென்சிலில் தமிழ் அர்த்தம்.

நாவலின் தொடக்கத்திலேயே 'ரிலக்டன்ட்' என்று ஒரு சொல். திங்கட்கிழமை காலை, சுவாமிநாதனுக்குக் கண்ணைத் திறக்கவே மனமில்லை. பல நோட்டுகளில் 'தயக்கமுள்ள' என்று இருந்தது. ஒரு மாணவி மட்டும் 'எழுந்திருக்கப் பிடிக்காமல் இழுத்தடிப்பது' என்று எழுதியிருந்தாள். அந்தச் சொல்லை அவள் இனி மறக்க மாட்டாள்.

இன்னொன்று, சுவாமியை நண்பர்கள் 'டேட்' என்று கூப்பிடுவார்கள். பல நோட்டுகளில் அதற்கு நேரே வெற்றிடம். கதையோடு போன ஒரு பையனோ, நன்றாகப் பந்து வீசுகிறவனை அப்படிக் கூப்பிட்டால் அது யாரோ ஒரு பந்துவீச்சாளரின் பெயராகத்தான் இருக்கும் என்றான். மாரிஸ் டேட் இங்கிலாந்துக்காக ஆடியவர்தான். அவன் சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதனால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். விடுமுறைக்குப் பிறகு, பெரியவர்கள் எழுதிய நோட்டுகளை ஆசிரியர்கள் திருத்த மாட்டார்கள். புத்தகங்களில் எழுதியதை அழித்துத்தான் திருப்பித் தர வேண்டும். வாட்ஸப் குழுக்களில் சொற்பட்டியலைப் பகிர்வதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

உங்கள் அக்கறை எனக்குப் புரியாமல் இல்லை. ஆங்கிலம் வராமல் நாம் பட்ட கஷ்டம் பிள்ளை படக்கூடாது என்கிற தவிப்பு அது. வேலை முடிந்து வந்து, இரவு 10 மணிக்கும் அவர்களோடு உட்காருகிறீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. அந்த நேரத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இதுவரை என்ன நடந்தது என்று தமிழிலேயே கதை சொல்லச் சொல்லுங்கள்.

ஊகம் தப்பாக இருந்தாலும் நோட்டை அப்படியே அனுப்புங்கள். வகுப்பில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்