விலகியவர்களையும் எண்ணுங்கள்: முதுமை ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மனித வாழ்நாளைப் பின்தொடர்ந்து உடல்நலத்தையும் மனநலத்தையும் ஆராயும் உளவியல் ஆய்வாளர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் அமைப்புகளுக்கும், முடிவுகளை வெளியிடும் ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

முதியோரின் வீடு தேடிச் சென்று, கேள்வி கேட்டுப் பதில் பதியும் களப்பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். அதே மனிதர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதிக்கும் நீண்டகால ஆய்வுகளிலிருந்து நடுவில் விலகிப்போகிறவர்களை இழப்புக் கணக்கில் எழுதி மூடிவிடாதீர்கள். முதுமையைப் பற்றி நீங்கள் அறிய விரும்புவதில் பெரும்பகுதி அவர்களிடம்தான் இருக்கிறது.

இந்த ஆய்வுகளின் அருமை எனக்குத் தெரியும். இருபது வயதுக்காரரையும் எழுபது வயதுக்காரரையும் ஒரே காலத்தில் சோதித்து ஒப்பிட்டால், அறிவாற்றல் இளமையிலேயே சரியத் தொடங்கிவிடுவதாகத் தோன்றும். அந்த வேறுபாட்டில் வயதுக்கு எவ்வளவு பங்கு, படிக்க வாய்த்த ஆண்டுகளும் கிடைத்த ஊட்டமும் தலைமுறைக்குத் தலைமுறை மாறியதற்கு எவ்வளவு பங்கு என்பதை அந்த ஒப்பீட்டால் பிரிக்க முடியாது. 1956இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கி, ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே மனிதர்களைச் சோதித்த உளவியலாளர் வார்னர் ஷாயியின் ஆய்வு, பெரும்பாலான திறன்கள் சராசரியாக அறுபது வயதுவரை பெரிய சரிவின்றி நிலைப்பதைக் காட்டியது. இன்னொன்றையும் அவருடைய குழுவினர் மறைக்காமல் எழுதினார்கள்: தொடர்ந்து வந்தவர்கள், பின்னர் விலகியவர்களைவிடத் தொடக்கத்திலேயே கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தார்கள். பின்னால் வந்த பலரும் முதல் முடிவை எடுத்துக்கொண்ட அளவுக்கு இந்த இரண்டாவது முடிவை எடுத்துக்கொள்ளவில்லை என்பதே என் மனக்குறை.

விலகல் எப்படி நிகழ்கிறது என்பதைக் களத்தில் பார்த்தால்தான் தெரியும். சொற்களின் பட்டியல் ஒன்றைச் சீரான வேகத்தில் படித்துக் காட்டி, நினைவில் நின்றவற்றைத் திரும்பச் சொல்லச் சொல்வது வழக்கமான நினைவாற்றல் சோதனை. ஒரு மூதாட்டி, நான் படிக்கும்போதெல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சொல்லுக்காக நான் தாளை நோக்கிக் குனிந்ததும் அவர் முகத்தில் தவிப்பு தெரிந்தது. ‘பல்’ என்று நான் படித்ததை ‘பால்’ என்று சொன்னார். சில சொற்களைச் சொல்லவே இல்லை. விதிப்படி எதையும் மறுமுறை படிக்கக் கூடாது. அவர் மறக்கவில்லை, அவருக்குக் கேட்கவில்லை; ஆனால் தாளில் அது நினைவாற்றல் மதிப்பெண்ணாகத்தான் பதிந்தது. அடுத்த சுற்றுக்குப் போனபோது, “எனக்கு வேண்டாமப்பா, விட்டுவிடு” என்றார். ‘பங்கேற்க விருப்பமில்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். காரணம் எழுத அதன் பக்கத்தில் இடமில்லை.

மறதிநோயின் தடுப்பு குறித்து லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம், தன் 2024ஆம் ஆண்டு அறிக்கையில், மாற்றியமைக்கக்கூடிய 14 இடர்க் காரணிகளுள் கேட்புத்திறன் இழப்பையும் திருத்தப்படாத பார்வைக் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. அப்படியிருக்க, காதைச் சோதிக்காமல் நினைவைச் சோதிப்பது எந்த வகையில் சரி? காது கேளாதவரின் மதிப்பெண் முதலில் பிழையாகப் பதிகிறது, பிறகு அவரே ஆய்விலிருந்து மறைந்துபோகிறார். துணையை இழந்து மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ இடம்பெயர்ந்தவர், படுத்த படுக்கையாகிவிட்ட கணவரை விட்டு அரைமணி நேரம் நகர முடியாத மனைவி, தன் பெயரையே மறக்கத் தொடங்கியவர் என்று மற்றவர்களும் அதே கட்டத்துக்குள்தான் போய்ச் சேருகிறார்கள்.

இதனால் முடிவுகளின் நிறம் மாறுகிறது. எஞ்சிய காலம் குறுகுவதை உணரும்போது மனிதர் தமக்குப் பொருளுள்ள உறவுகளையே நாடுகிறார்கள், அதனால் பலருக்கு மனநிறைவு கூடுகிறது என்கிறது உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சனின் கோட்பாடு. நான் சந்தித்த முதியோர் பலரிடம் அதைக் கண்டிருக்கிறேன். ஆனால் எண்பத்தைந்தைக் கடந்தவர்களின் சராசரியைக் கணக்கிடும்போது, நீண்ட நேர்காணலுக்கு உட்காரத் தெம்புள்ளவர்களின் சராசரியைத்தான் கணக்கிடுகிறோம். உளவியலாளர் பெக்கா லெவி 2002இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, 50 வயதைக் கடந்த 660 பேரில் தம் முதுமையை நல்ல விதமாகப் பார்த்தவர்கள் ஏறத்தாழ ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்ததைக் காட்டியது. லெவி உடல்நிலை, சமூகப் பொருளாதார நிலை போன்றவற்றைக் கணக்கில் கொண்டுதான் அதைச் சொன்னார். அதைச் சுருக்கிச் சொன்னவர்களோ நல்லதை நினைத்தால் நீண்ட ஆயுள் என்று ஆக்கிவிட்டார்கள். நோயில் கிடப்பவரின் காதில் அது குற்றச்சாட்டாகவே விழுகிறது. இதற்கு ஆய்வாளர் பொறுப்பல்ல என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. யாரைப் பற்றிய முடிவு இது, யாரைப் பற்றியது அல்ல என்று சுருக்கவுரையிலேயே எழுதும் உரிமை அவர்களிடம்தான் இருக்கிறது.

செய்ய முடியாததைக் கேட்கவில்லை. 1990இல் தொடங்கிய பெர்லின் முதுமை ஆய்வு, 70 வயதிலிருந்து நூறைக் கடந்தவர்கள்வரை 516 பேரை எடுத்துக்கொண்டது. ஆறு வயதுப் பிரிவுகளிலும் தலா 43 ஆண்கள், 43 பெண்கள். மிக முதியவர்கள் குறைவாகக் கிடைப்பார்கள் என்று விட்டுவிடாமல், அவர்களைச் சம எண்ணிக்கையில் தேடிப் பிடித்தார்கள். எந்தப் படியில் எத்தகையவர்கள் கழன்றுகொண்டார்கள் என்பதையும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். அதற்குக் காலமும் பணமும் ஆகும் என்பது உண்மைதான், அதனால்தான் இம்மடலை நிதி வழங்குவோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். புதிய கருவிகளுக்கும் மூளைப் படங்களுக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை, இடம்பெயர்ந்தவரின் புது முகவரியைத் தேடுவதற்கும், முழு நேர்காணல் தர முடியாதவரிடம் பத்து நிமிடக் குறுநேர்காணல் எடுப்பதற்கும், பேச இயலாதவரைப் பற்றி அவரைப் பராமரிப்பவரிடம் கேட்பதற்கும் ஒதுக்குங்கள். ஒலியைப் பெருக்கிக் கேட்க உதவும் கருவி ஒன்றும் பெரிய எழுத்தில் அச்சிட்ட விடை அட்டையும் ஒவ்வொரு களப்பணியாளரின் பையிலும் இருக்கட்டும்.

விருப்பமில்லை என்று தெளிவாகச் சொல்பவரை வற்புறுத்தச் சொல்லவில்லை. அவர் சொல்லை மதிக்க வேண்டும், அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் விருப்பமின்மையும் இயலாமையும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே கட்டத்தில் குறியிடும் படிவங்களை மாற்றி, காரணத்தை முதியவரின் சொற்களிலேயே எழுத இடம் கொடுங்கள். ஆய்விதழ் ஆசிரியர்களே, விலகியவர்களின் வயது, உடல்நிலை, கல்வி ஆகியவற்றைத் தொடர்ந்தவர்களோடு ஒப்பிடும் அட்டவணை கட்டுரையின் உள்ளேயே இடம்பெற வேண்டும், இணைப்பில் அல்ல என்று விதி செய்யுங்கள். அடுத்த சுற்றுக்கான படிவங்கள் அச்சுக்குப் போவதற்கு முன்பே இம்மாற்றங்களைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
களப்பணியாளர் ஒருவர்