கை கால் சில்லிட்டால் எதைப் பார்க்க வேண்டும்

அன்பு மகளுக்கு,

போர்வைக்குள் வெகுநேரம் படுத்திருந்தும் கால் சூடேறுவதில்லை என்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குளிர் பட்டால் உடம்பு உள்ளுறுப்புகளின் சூட்டைக் காப்பாற்ற, விரல்களின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். பெண்களுக்கு இது கொஞ்சம் அதிகம். அது இயல்புதான். ஆனால் வெதுவெதுப்பான அறையிலும் சில்லிடுகிறது என்கிறாயே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

முதலில் ரத்தப் பரிசோதனை செய். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் கை கால் சில்லிடும். அசதி, முடி கொட்டுதல், மலச்சிக்கலும் சேர்ந்து வரும். முடி கொட்டுவதாக நீயே புலம்பினாய், அதையும் டாக்டரிடம் சொல். சர்க்கரையையும் பார்த்துவிடு. சர்க்கரையால் நரம்பு கெட்டவர்களுக்குக் கால் ஜில்லென்று தோன்றும், தொட்டால் சூடாகவே இருக்கும். கூட இருக்கும் பெண்ணை உன் பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லேன்.

அடுத்து, நிறம். ஃபிரிட்ஜுக்குள் கைவிட்டதும் ஏதாவது ஒரு விரல் கோடு கிழித்தாற்போல் வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, சூடு திரும்பும்போது சிவந்து குத்துகிறதா? அதற்கு ரேனாட் என்று பெயர். 1862-ல் மோரிஸ் ரேனாட் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தது. மனப் பதற்றத்திலும் வரும். பெரும்பாலும் தொந்தரவோடு நின்றுவிடும். விரல் நுனியில் ஆறாத புண், தோல் இறுக்கம், மூட்டு வலி இருந்தால் மட்டும் பின்னால் லூபஸ், ஸ்க்லெரோடெர்மா போன்ற, எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே தாக்கும் நோய் இருக்கிறதா என்று தேடுவார்கள். வெளுக்கும்போதே போட்டோ எடுத்து வை. டாக்டர் முன்னால் உட்காரும்போது விரல் நல்ல பிள்ளையாகிவிடும்.

ஒற்றைத் தலைவலிக்கு என்ன மாத்திரை போடுகிறாய்? அதிலும் பிரஷர் மாத்திரையிலும் சில வகைகள் விரலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். டாக்டரிடம் பெயரைச் சொல், நீயாக நிறுத்தாதே.

அப்பாவுக்கும் கால் சில்லிடுகிறது, ஆனால் அவர் கதை வேறு. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. இத்தனை வருட சிகரெட்டுக்குக் கால் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். அவரை நான் இழுத்துக்கொண்டு போகிறேன்.

யாருக்கானாலும் ஒரு கை அல்லது ஒரு கால் மட்டும் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, வலித்து, மரத்துப்போனால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அது ரத்தக்குழாய் அடைத்த அறிகுறி. சில மணி நேரத்தில் காலையே எடுக்கும்படி ஆகிவிடும்.

சாக்ஸ் போட்டுப் படு. சுடுநீர்ப் பையைக் காலில் வைக்காதே, மரத்த தோலுக்குச் சூடு தெரியாமல் கொப்புளித்துவிடும். ரிப்போர்ட் வந்ததும் வாட்ஸப்பில் அனுப்பு.

அம்மா